சோடாவுக்கு ஏது காரம்?

"காரம் பத்துதா தம்பி?" என்று கேட்டார் சோடாக் கடைக்காரர்.

என் தங்கை மகன் திருதிருவென்று விழித்தான். அவன் வாயில் இருந்தது வெறும் தண்ணீரும் அதில் அடைபட்ட வாயுவும்தான். சர்க்கரை கிடையாது, உப்பு கிடையாது, மிளகாய் சத்தியமாகக் கிடையாது. ஆனாலும் கண்ணில் லேசாக நீர் கட்டியிருந்தது. மூக்கைத் தேய்த்துக்கொண்டே, "சுர்ருனு ஏறுது" என்றான்.

"அதான் காரம்" என்றார் அவர், அடுத்த பாட்டிலைத் துடைத்தபடி.

பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளை. பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் தேருக்காகப் புதுக்கோட்டை வந்திருந்தான். அவன் குடியிருக்கும் பக்கத்தில், சின்னச் சின்ன ஆலைகளில் காய்ச்சிய பீர் வகைகளை அடுக்கிவைத்து விற்கும் கடை ஒன்று இருக்கிறதாம். எந்தத் தானியம், எந்த ஈஸ்ட், எத்தனை நாள் புளித்தது என்று பாட்டிலுக்குப் பாட்டில் கடைக்காரர் பாடம் எடுப்பாராம். "நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒண்ணும் கிடையாதுல்ல மாமா?" என்றான்.

கிடையாதுதான். தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க அரசின் டாஸ்மாக் கையில். மரத்திலிருந்து இறக்கும் கள்ளுக்கு 1987 முதல் தடை. இதற்கு நடுவே தெருமுனையில் ஒருவர் ரகம் ரகமாக பீர் அடுக்கி வகுப்பெடுக்க வழியே இல்லை. ஆனால், பேட்டைக்குள்ளேயே செய்து, கையால் அடைத்து, செய்தவரே விற்கிற பாட்டில் என்று கேட்டால் எங்களிடமும் ஒன்று உண்டு. "ஏறு மாப்ளே" என்று ஸ்கூட்டரில் உட்காரவைத்து, கட்டம் போட்டதுபோல ஓடும் எங்கள் ஊர் வீதிகளில் நாலு திருப்பம் திருப்பிச் சோடாக் கடை வாசலில் இறக்கினேன்.

பீருக்கும் சோடாவுக்கும் என்ன உறவு என்று அவன் முகம் கேட்டது. கூடப்பிறந்த உறவு. இன்னும் சரியாகச் சொன்னால், சோடாவுக்குத் தொட்டில் கட்டியதே பீர்த் தொட்டியின் மேல்தான்.

1767-ல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துச் சபை ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். குடிபோன வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பீர் ஆலை. பிரசங்கம் எழுதும் நேரம் போக மீதி நேரத்தில் கையைச் சும்மா வைத்திருக்க முடியாத மனிதர் அவர். ஆலைக்குள் போய், ஊறல் புளித்துக்கொண்டிருக்கும் பெரிய தொட்டிகளை எட்டிப் பார்த்தார். ஊறலுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று படிந்து நின்றது. எரியும் குச்சியை அதற்குள் இறக்கினால் பொசுக்கென்று அணைந்தது. அணைந்த குச்சியின் புகை வழக்கம்போல மேலே போகவில்லை. அந்தப் படலத்தின் மேல் பாயை விரித்தாற்போலப் பரந்து, தொட்டி விளிம்பைத் தாண்டித் தரைக்கு வழிந்தது.

காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான கார்பன் டை ஆக்சைடு அது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது இரண்டு பொருள்கள் வெளியே வருகின்றன. 180 கிராம் குளுக்கோஸ் உள்ளே போனால், 92 கிராம் சாராயமும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் வெளியே வரும். கிட்டத்தட்டச் சரிபாதி. குடிப்பவர்கள் முதல் பாதியைக் கொண்டாடுகிறார்கள். இரண்டாவது பாதியின் பெரும்பங்கு காற்றோடு போய்விடுகிறது. ஐந்து சதவீதச் சாராயம் உள்ள ஒரு லிட்டர் பீர் உருவாகும்போது ஏறக்குறைய இருபது லிட்டர் வாயு கிளம்புகிறது. பாட்டிலுக்குள் நுரைக்க மிஞ்சுவது அதில் இரண்டரை லிட்டர் இருந்தால் அதிகம்.

பிரீஸ்ட்லி செய்தது எளிமையான வேலை. அந்தப் படலத்துக்குள் கையைவிட்டு, இரண்டு கோப்பைகளுக்கு இடையே தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார். நம் டீ மாஸ்டர் ஆற்றுகிற அதே ஆற்றல். இரண்டு மூன்று நிமிடத்தில் தண்ணீர் நாக்கில் சுருக்கென்றது. 1772-ல் செய்முறையைச் சிறு நூலாக வெளியிட்டார். கப்பலோட்டிகளை வதைக்கும் ஸ்கர்வி நோய்க்கு இது மருந்தாகும் என்று நம்பினார். ஆகவில்லை, வைட்டமின் சி சோடாவில் எங்கிருந்து வரும்? இதில் அவர் காசு பார்க்கவும் இல்லை. ஜெனீவாவில் 1783-ல் சோடாவைத் தொழிலாக்கிக் காசு பார்த்தவர் யோகான் யாகோப் ஷ்வெப்.

இன்று நம்மூர்ச் சோடாக் கடைக்கு வரும் சிலிண்டருக்கும் இந்தக் கதையோடு தொடர்பு விட்டுப்போகவில்லை. இந்தியாவில் சிலிண்டரில் அடைத்து விற்கும் கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் வேறு தொழில்களின் மிச்சம்தான். உர ஆலைகளில் பிடிப்பது ஒரு வகை. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைப் புளிக்கவைக்கும் வடிப்பாலைகளில் பிடித்துச் சுத்தம் செய்வது இன்னொரு வகை. ஒரு சொட்டு மதுவும் தொடாத தாத்தா ஏப்பம் விடுவதற்காகக் குடிக்கும் சோடாவில், ஈஸ்ட் விட்ட மூச்சு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தாத்தாவிடம் சொல்லத் தேவையில்லை.

கடை இரண்டே அறை. முன்னறையில் காலி பாட்டில்கள் நிறைந்த டிரேக்கள். பின்னறையில் மிஷின், தண்ணீர்த் தொட்டி, சுவரோரம் சங்கிலி போட்டுக் கட்டிய சிலிண்டர், அதன் மேல் ஈரச் சாக்கு. மிஷின் என்றால் மின்சாரம் இல்லை. ஓர் இரும்புக் கூண்டு, அதற்கு ஒரு கைப்பிடிச் சக்கரம், சிலிண்டரிலிருந்து வரும் குழாய். தண்ணீர் பிடித்த பாட்டில்களைக் கூண்டுக்குள் பூட்டி, வாயுவைத் திறந்துவிட்டு, சக்கரத்தை மளமளவென்று சுற்றுகிறார். பாட்டில்கள் தலைகீழாகவும் நேராகவும் குட்டிக்கரணம் அடிக்கின்றன. நிறுத்தும்போது பாட்டில் தலைகீழாக நிற்கும். உள்ளே கிடக்கும் கண்ணாடிக் கோலி கழுத்துக்கு உருண்டு வந்து 'டக்'கென்று உட்கார்ந்துகொள்ளும். முடிந்தது. மூடி இல்லை, தக்கை இல்லை.

"சும்மா கேஸைத் திறந்துவிட்டா போதாதா? எதுக்கு இந்தச் சுத்து?" என்று கேட்டான் மாப்பிள்ளை. நல்ல கேள்வி. அசையாத தண்ணீருக்குள் வாயு மூலக்கூறுகள் தாமாகப் பரவும் வேகம் அவ்வளவு மந்தம். ஒரு சென்டிமீட்டர் ஆழம் இறங்கவே ஏறத்தாழ அரை நாளுக்கு மேல் ஆகும். தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. சோடாவைச் சும்மா நிற்கவைத்து ஊறப்போட்டால் பாட்டிலின் அடிமட்டத்துக்கு வாயு போய்ச் சேர மாதக் கணக்காகும். அதற்குள் தேரே நிலைக்கு வந்துவிடும். சுற்றும்போது தண்ணீர் உடைந்து சிதறி, ஒவ்வொரு துளியும் வாயுவைத் தொடுகிறது. இறங்கவேண்டிய தூரம் மயிரிழையாகிறது. பிரீஸ்ட்லி கோப்பை மாற்றி ஊற்றியதும் இதற்காகத்தான்.

எவ்வளவு வாயு கரையும் என்பதற்கு 1803-ல் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி விதி கண்டார். மேலே அழுத்தும் வாயுவின் அழுத்தம் இரட்டித்தால் கரைவதும் இரட்டிக்கும். அவ்வளவுதான் விதி. சோடாக்காரர் இதைப் படிக்காமலே, 'கேஸ் ஏத்துறது' என்கிறார். ஆனால் விதியோடு ஒரு வில்லங்கமும் வருகிறது, வெப்பம். வளிமண்டல அழுத்தத்தில், பதினைந்து டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடை ஏற்கும். உறைநிலையில் 1.7 லிட்டர். புதுக்கோட்டைக் கோடையின் முப்பத்தைந்து டிகிரியில் வெறும் 0.6 லிட்டர். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும், வாயு சூட்டில் குறைவாகக் கரையும். சூடேறச் சூடேற மூலக்கூறுகள் தண்ணீரின் பிடியை உதறிவிட்டு வெளியே ஓடப் பார்க்கின்றன.

வெளியே ஓட வழியில்லாவிட்டால்?

மாப்பிள்ளை கைபேசியை எடுத்துக் கணக்குப் போட்டான். நல்ல காரமான சோடாவில் தண்ணீரின் கொள்ளளவைப்போல நான்கு மடங்கு வாயு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐஸ் பெட்டியில் ஐந்து டிகிரியில் கிடக்கும்போது உள்ளே மூன்று வளிமண்டலத்துக்குச் சற்றுக் குறைவான அழுத்தம். அதே பாட்டில் தள்ளுவண்டியில் முப்பத்தைந்து டிகிரிக்கு வந்தால், கிட்டத்தட்ட ஏழு. முதலாவது நம் கார் டயருக்குள் இருப்பதை ஒட்டி வரும். இரண்டாவது லாரி டயரை நெருங்குகிறது. பாட்டிலுக்குள் ஒரு துளியும் கூடவில்லை. வெயில் மட்டும் கூடியிருக்கிறது. திருவிழாக் கடைகளில் சோடா டிரே மேல் ஈரச் சாக்கு போட்டு, அவ்வப்போது தண்ணீர் தெளிப்பார்கள். வாங்குபவர் தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று மட்டும் அல்ல.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. எட்டு வயதில் ஒரு கோயில் திருவிழாவில், வெயிலில் நின்ற வண்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுக்கப் போய், பக்கத்துப் பாட்டிலோடு இடித்துவிட்டேன். வெடி போட்டதுபோலச் சத்தம். முழங்காலுக்குக் கீழே இன்றும் ஒரு தழும்பு, பிறை வடிவில். அம்மா அடித்த அடியில் அது பெரிதாகத் தெரியவில்லை.

அந்தக் கண்ணாடி ஏன் அத்தனை தடிமன் என்பது அன்று புரியவில்லை. தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவரைத் தமிழன் 'சோடாபுட்டி' என்று கூப்பிட்டது சும்மா இல்லை. உருளை வடிவப் பாத்திரத்துக்குள் அழுத்தம் ஏறும்போது சுவர் பக்கவாட்டில் கிழிபடப் பார்க்கும். அந்த இழுவிசை அழுத்தத்தையும் பாட்டிலின் ஆரத்தையும் பெருக்கி, சுவரின் தடிமனால் வகுத்தால் வருவது. ஆரம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர், தடிமன் நான்கு மில்லிமீட்டர் என்றால், சுவரில் விழும் இழுவிசை உள்ளே இருக்கும் அழுத்தத்தைப்போல ஏழரை மடங்கு. புதுக் கண்ணாடிக்கு அது தூசு. ஆனால் கண்ணாடி அமுக்கத்தைத் தாங்குகிற அளவுக்கு இழுப்பைத் தாங்காது. ஒரு கீறல் போதும், இழுவிசை முழுவதும் கீறலின் நுனியில் வந்து குவியும். சோடா பாட்டில் ஆயுள் முழுக்க டிரேக்குள் உரசிக்கொண்டே வாழ்கிறது. அதன் தோள்பட்டையில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் தேய்மானம் முழுக்கக் கீறல்தான். அதற்கும் சேர்த்துத்தான் தடிமன். அரசியல் கூட்டங்களில் சோடா பாட்டில் ஆயுதமானதற்கும் இதே இயற்பியல்தான் காரணம், விளக்கிச் சொல்ல விருப்பமில்லை.

கோலிக்கு வருவோம். சோடா பிறந்து நூறு வருடத்துக்கு அதை அடைத்துவைப்பதே பெரும்பாடாக இருந்தது. தக்கை காய்ந்தால் சுருங்கும்; சுருங்கினால் வாயு போய்விடும். தக்கை எப்போதும் நனைந்தே இருக்கவேண்டும் என்று நிற்கவே முடியாதபடி உருண்டை அடி வைத்த பாட்டில்கூடச் செய்து பார்த்தார்கள், படுத்தே கிடக்கும். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் கழுத்தில் கோலியும் ரப்பர் வளையமும் உள்ள பாட்டிலைக் கொண்டுவந்தார். மற்ற மூடிகள் எல்லாம் வெளியே நின்று வாயுவோடு மல்லுக்கட்டுகின்றன. கோலி உள்ளே நிற்கிறது. எந்த வாயு தப்பிக்கப் பார்க்கிறதோ அதுவே கோலியைத் தூக்கி வாசலை அடைக்கிறது. எவ்வளவு முட்டுகிறதோ அவ்வளவு இறுகும். சிறைக்காவலுக்குக் கைதியையே நிறுத்திய கதை.

கடைக்காரர் வெயிலில் இருந்த பாட்டில் ஒன்றையும் ஐஸில் இருந்த ஒன்றையும் எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். "ரெண்டையும் விரல்ல உடைங்க பாப்போம்." ஐஸ் பாட்டில் கட்டைவிரலுக்கு மசிந்தது. வெயில் பாட்டில் அசையவில்லை. முகம் சிவந்ததுதான் மிச்சம். கழுத்துத் துளையின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஐஸில் இருந்த கோலியைத் தள்ள இரண்டு கிலோ சொச்சம் எடையை வைப்பதுபோல அழுத்தினால் போதும். வெயிலில் இருந்ததற்கு ஆறு கிலோவுக்குமேல் வேண்டும். கடைக்காரர் மரக்கட்டையை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். 'டொப்' என்று கோலி இறங்க, பாதிச் சோடா அவர் சட்டையில்.

உலகத்தின் பெரும்பகுதி இந்தப் பாட்டிலைக் கைவிட்டுவிட்டது. 1892-ல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடியைக் கண்டுபிடித்ததும் கோலியின் நாள்கள் எண்ணப்பட்டன. ஜப்பானில் 'ராமுனே' என்ற பெயரில் இன்றும் விற்கிறது, அப்புறம் நாம். கைவிட்டதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. உள்ளே கோலி உருண்டுகொண்டிருக்கும் பாட்டிலுக்குள் பிரஷ் போட்டுத் தேய்க்க முடியாது. குலுக்கித்தான் கழுவவேண்டும். பழம்பெருமை பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை; நான் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன்.

நடுவில் ஒருமுறை காற்று இந்தப் பக்கம் திரும்பியது. 2017 சனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடே தெருவில் உட்கார்ந்தது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டைத் தச்சங்குறிச்சியில் நடத்தும் மாவட்டம் எங்களுடையது. இங்கே சூடு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டாம். அந்தச் சூட்டோடு, மார்ச் 1 முதல் பன்னாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. "அந்தக் கோடையில கை வீங்கிப்போச்சு, சுத்திச் சுத்தி" என்று கடைக்காரர் தோளைத் தடவிக்கொண்டார். பிறகு பழையபடி ஆயிற்று.

இனி அந்தச் சிலிண்டர். நான் அன்று இந்தக் கடைக்குப் போனதற்கு உண்மையான காரணம் அதுதான். பீர், சோடா எல்லாம் சாக்கு.

"காலையில வெள்ளன வந்து இதை ஆட்டுனா உள்ள சளப்புளன்னு ஆடும். மத்தியானம் ஆட்டுனா ஒண்ணுமே தெரியாது. எடை என்னவோ அதேதான்" என்று ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். கொஞ்சம் செலவான சிலிண்டரில்தான் இப்படி, புதுசில் தெரியாது என்றும் சொன்னார். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு அடியில் திரவமாகவும் மேலே வாயுவாகவும் இருக்கிறது. இருபது டிகிரியில் அழுத்தம் ஏறக்குறைய 57 வளிமண்டலம். வாயுவை எடுக்க எடுக்கத் திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பும். திரவம் இருக்கும்வரை அழுத்தமானியின் முள் பெரிதாக இறங்காது. அதனால்தான் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அவர் முள்ளைப் பார்ப்பதில்லை, தராசில் ஏற்றுகிறார். நம் வீட்டு கேஸ் சிலிண்டரும் இப்படித்தான்.

ஆனால் வீட்டு கேஸுக்கு நேராத ஒன்று இதற்கு நேர்கிறது. சூடு ஏற ஏற அடியிலிருக்கும் திரவம் விரிந்து லேசாகிறது. மேலிருக்கும் வாயு நெருங்கி அடர்த்தியாகிறது. இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் வருகிறார்கள். 31 டிகிரியில் இரண்டின் அடர்த்தியும் ஒன்றாகிவிடுகிறது. அப்போது 'இது திரவம், அது வாயு' என்று பிரிக்கிற மட்டம் மங்கி, நடுங்கி, இல்லாமல் போகிறது. திரவம் ஆவியானது என்றும் சொல்ல முடியாது. வாயு குளிர்ந்தது என்றும் சொல்ல முடியாது. இரண்டும் அல்லாத ஒரே பொருள் சிலிண்டர் முழுக்க நிறைந்திருக்கிறது. மட்டமே இல்லாதபோது எது ஆடும்? எதனால் சளப்புள என்று சத்தம் வரும்?

இதை அளந்து சொன்னவர் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்து வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்ட்ரூஸ். மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் கார்பன் டை ஆக்சைடை அடைத்து, திருகைத் திருகி அழுத்தம் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் சூட்டைக் கால் டிகிரி அரை டிகிரியாகக் கூட்டி, வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். 1869-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் முடிவை வாசித்தார். அவருக்குக் கிடைத்த எண் 30.92. இன்றைய எண்ணுக்கு மிக அருகில். இதற்கு மாறுநிலை வெப்பநிலை என்று நம் பாடப்புத்தகங்கள் பெயரிட்டிருக்கின்றன. அதுவரை சில வாயுக்கள் எத்தனை அழுத்தினாலும் திரவமாகாமல் அடம்பிடித்ததற்குக் காரணம் பிடிபட்டது. மாறுநிலைக்குக் கீழே குளிரவைக்காமல் எவ்வளவு அழுத்தினாலும் வீண்.

பெல்ஃபாஸ்டின் குளிரில் 31 டிகிரிக்கு ஆண்ட்ரூஸ் அடுப்பு மூட்டவேண்டியிருந்தது. புதுக்கோட்டையில் பங்குனி பிறந்தால் பதினொரு மணிக்கே அது வந்துவிடுகிறது. பேராசிரியர் ஆய்வுக்கூடத்தில் படாதபாடு பட்டுக் கண்ட நிலையை, எங்கள் ஊர்ச் சிலிண்டர் ஒவ்வொரு கோடை நாளும் ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்குகிறது. பார்க்கத்தான் முடியாது, இரும்புக்குள் நடக்கிறது. ஆட்டிக் கேட்கலாம், ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஈரச் சாக்கு இன்னும் சுவாரசியம். எங்கள் மாவட்டத்துக் கோடைக் காற்று, கடலோரத்தை விட்டு உள்ளே வந்துவிட்டால், காய்ந்த காற்று. காய்ந்த காற்றில் ஈரத் துணி நன்றாகக் குளிரும். வெளியே முப்பத்தெட்டு டிகிரி இருந்தாலும் சாக்கைச் சதா நனைத்துக்கொண்டே இருந்தால் அதற்கு அடியில் முப்பதுக்குக் கீழே கொண்டுவந்துவிடலாம். அதாவது 31-க்கு இந்தப் பக்கம். நனைத்தால் உள்ளே திரவ மட்டம் திரும்பப் பிறக்கிறது, காயவிட்டால் கரைந்துபோகிறது. "சாக்கு காஞ்சா கேஸ் முரண்டு பண்ணும்" என்பது அவர் பாஷை. நிறைந்த சிலிண்டரை நாற்பது டிகிரியில் வைத்தால் அழுத்தம் நூறு வளிமண்டலத்தைத் தாண்டும். முரண்டு என்பது சரியான சொல்தான்.

இத்தனைக்கும் பிறகு முதல் கேள்வி அப்படியே நிற்கிறது: வெறும் தண்ணீருக்கு ஏது காரம்?

குமிழிகள் நாக்கில் குத்துகின்றன, அதுதான் சுருக் என்கிறது என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தார் 2013-ல் இதைச் சோதித்த விதம் அழகு. ஆட்களை உயர் அழுத்த அறைக்குள் உட்காரவைத்துச் சோடா கொடுத்தார்கள். அந்த அழுத்தத்தில் குமிழியே எழாது. ஆனாலும் நாக்கு அதே அளவுக்குச் சுருக்கென்றது என்றார்கள். ஆக, குத்துவது குமிழி அல்ல.

கார்பன் டை ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்தால் கார்பானிக் அமிலம். ஆனால் இந்தச் சேர்க்கை தானாக நடக்கப் பல விநாடிகள் பிடிக்கும். அதற்குள் மடக்கு தொண்டையைத் தாண்டிவிடும். நம் நாக்கில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. நொதிகளிலேயே மின்னல் வேகக்காரர்களில் ஒன்று. விநாடிக்குப் பத்து லட்சம் மூலக்கூறுகளைக்கூட மாற்றிப்போடும். புளிப்பை உணரும் செல்களின் மேற்பரப்பிலேயே இந்த நொதி ஒட்டிக்கொண்டிருப்பதையும், எலிகளுக்கு அதை நீக்கிவிட்டால் அந்தச் செல்கள் சோடாவைக் கண்டுகொள்வதில்லை என்பதையும் 2009-ல் காட்டினார்கள். இதற்கு மனிதச் சாட்சி அதற்கும் முன்பே இருந்தது. மலையேறிகள் உயர நோய்க்காக அசிட்டசோலமைடு மாத்திரை போடுவார்கள். அது இதே நொதியைத்தான் தடுக்கிறது. உச்சியைத் தொட்டுவிட்டுக் கொண்டாட்டமாக பீரைத் திறந்தால், பாத்திரம் கழுவிய தண்ணீர்போல இருக்கிறது என்ற புலம்பல் 1980-களிலேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. நுரைக்கிறது, குமிழி எழுகிறது, காரம் மட்டும் இல்லை.

புளிப்பு சரி. மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வரவழைக்கிற அந்தச் 'சுர்' எது? அது சுவை நரம்பின் வேலையே அல்ல. முகத்தின் வலியையும் எரிச்சலையும் மூளைக்குச் சொல்லும் முக்கிளை நரம்பின் வேலை. அந்த நரம்பு நுனிகளுக்குள் கார்பன் டை ஆக்சைடு நுழைந்து, உள்ளே அமிலமாகி, ட்ரிப்-ஏ1 என்ற கதவைத் திறக்கிறது என்று 2010-ல் கலிஃபோர்னியாவில் கண்டார்கள். அந்தக் கதவைத் திறக்கும் மற்ற சாவிகள் எவை தெரியுமா? பச்சைப் பூண்டின் காரம். அரைத்த கடுகின் காரம். மிளகாய்க்கு வேறு கதவு, ஆனால் அதுவும் இதன் பங்காளிதான், ஒரே குடும்பம்.

வேதியியல் வாத்தியார் ஒருவர் இங்கே கை தூக்குவார். பாடப்புத்தகத்தில் 'காரம்' என்றால் அமிலத்துக்கு எதிரி. சோடா என்ற பெயரே சோடா உப்பு என்ற காரப்பொருளிலிருந்து வந்தது. ஆனால் இந்தத் தண்ணீரோ அமிலம், திறந்த பாட்டிலில்கூட அதன் பிஎச் 4-ஐ ஒட்டித்தான் இருக்கும். எனவே சோடாவில் காரம் என்பது இரண்டு முறை தப்பு என்பார். அவர் சொல்வது பரீட்சைக்குச் சரி. நாக்கைக் கேட்டால் சோடாக்காரர் பக்கம்தான் பேசும்.

"இன்னொண்ணு குடுங்கண்ணே. பன்னீர்" என்றான் மாப்பிள்ளை.

"அதுல காரம் கம்மியாத்தான் இருக்கும். இனிப்பு அமுக்கிரும்" என்றபடியே கோலியைத் தட்டிவிட்டு நீட்டினார். மேலே எழும்பிய குமிழிகள் ஒவ்வொன்றும் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பன்னீர் வாசனையைத் தெளித்தன. அவன் வாய்க்குப் போகுமுன்பே அடுத்து நின்ற எனக்கு மணத்தது. அவன் பாட்டிலைக் கவிழ்த்தான். ஒரு மடக்குகூட வரவில்லை. கோலி வந்து வாசலை அடைத்துக்கொண்டது. மறுபடியும் கவிழ்த்தான். மறுபடியும் அடைத்தது.

கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் பாட்டிலை வாங்கி, கழுத்துக்குக் கீழே இருக்கும் இரண்டு குழிகளும் கீழ்ப்பக்கம் வரும்படி ஒரு அரைத் திருப்புத் திருப்பி, அவன் கையில் திரும்ப வைத்தார். கோலி குழியில் போய் உட்கார்ந்தது.